மூச்சா, இதயமா? வலிப்பு உள்ளவர்களின் திடீர் மரணம் பற்றிச் சுண்டெலிகள் காட்டியவை

யாழ்ப்பாணத்தில் ஒரு இளம் ஆள் இரவு சாப்பிட்டுப் படுத்து, விடிய எழும்பாமல் போனால் ஊர் முதலில் சொல்வது "ஹாட் அற்றாக்". அவர் வலிப்புக்கு மருந்து எடுப்பவர் என்று தெரிந்தால் கதை மாறும்: "நித்திரையிலை வலி வந்து நாக்கை விழுங்கிப்போட்டார்." நாக்கை விழுங்க ஒருவராலும் முடியாது. இதயக் குருதிக்குழாய் அடைத்து இறப்பதும் இருபது, முப்பது வயதில் அரிது. இறந்தவர் பெரும்பாலும் குப்புறக் கிடந்திருப்பார், தலையணை எச்சிலில் நனைந்திருக்கலாம், நாக்கின் ஓரத்தில் கடித்த காயமும் இருக்கலாம். பிரேத பரிசோதனையில் நுரையீரல் சற்றுப் பாரமாக, நீர் கோத்திருக்கலாம். அதைவிட இறப்புக்குப் போதுமான காரணம் ஒன்றும் உடலில் அகப்படாது.

இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது. வலிப்பு நோயில் எதிர்பாராத திடீர் மரணம் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'சுடெப்' என்கிறார்கள். வலிப்பு உள்ளவர் வலிப்போடு தொடர்புபட்டு இறந்தால் எல்லாமே சுடெப் ஆகிவிடாது. கிணற்றடியில் குளிக்கும்போது வலி வந்து உள்ளே விழுந்து மூழ்கினால் அது வேறு. அடுப்படியில் விழுந்து நெருப்புப் பற்றினால் அது வேறு. தலையில் அடிபட்டாலும், அரை மணித்தியாலத்துக்கு மேல் விடாமல் வலிப்புத் தொடர்ந்து இறந்தாலும் வேறு. இவை எல்லாவற்றையும் கழித்து, பரிசோதனையில் நஞ்சும் இல்லை, உறுப்பில் காரணமும் இல்லை என்றான பிறகு எஞ்சுவதுதான் சுடெப்.

அமெரிக்க நரம்பியல் வைத்தியர்கள் 2017 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வலிப்பு உள்ள வயது வந்தோரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 பேருக்கு ஒருவர் இப்படி இறக்கிறார்; பிள்ளைகளில் 4500 பேருக்கு ஒருவர். பிள்ளைகளின் கணக்கு அதைவிடக் கூட என்று பின்னர் வந்த ஆய்வுகள் சில சொல்கின்றன. இந்த ஆபத்து எல்லோருக்கும் ஒரே அளவு அல்ல. உடல் முழுவதும் விறைத்து வெட்டி இழுக்கும் பெருவலிப்பு ஆண்டுக்கு மூன்று தடவையோ அதற்கு மேலோ வருபவருக்கு, அது வராதவரைவிட ஆபத்து ஏறக்குறைய 15 மடங்கு. சுவீடனில் 255 சுடெப் மரணங்களை எடுத்துச் செய்து 2020 இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. முந்திய ஓராண்டுக்குள் பெருவலிப்பு வந்திருந்தால் ஆபத்து 27 மடங்கு, தனியே வாழ்பவராக இருந்தால் 5 மடங்கு, பெருவலிப்பும் வந்து படுக்கையறையில் வேறு ஆளும் இல்லாவிட்டால் 67 மடங்கு என்று அது காட்டியது. தனிமை ஏன் கொல்கிறது என்ற கேள்விக்கு விடை தேடித்தான் ஆய்வுகூடத்துக்குள் போகவேண்டியிருக்கிறது.

இந்த மரணம் நடக்கும் வேளையில் பக்கத்தில் ஆள் இருப்பதில்லை. இருந்தாலும் அவர் கையில் ஈசிஜி இயந்திரமோ ஒட்சிசன் மானியோ இருக்காது. ஒருவருக்கு வேண்டுமென்றே வலிப்பு வரவைத்து, மூச்சு நிற்கும்வரை காத்திருந்து அளக்க எந்த ஒழுக்கமும் இடம் தராது. ஆகவே முதலில் நின்றது மூச்சா இதயமா என்ற கேள்வி பல ஆண்டுகள் விடையில்லாமல் கிடந்தது. இதயம் என்றால் தேவைப்படுவது இதய மருந்தும் கருவியும். மூச்சு என்றால் தேவைப்படுவது பக்கத்தில் ஓர் ஆள்.

முதலில் கைகொடுத்தவை செம்மறி ஆடுகள். 1990களின் நடுப்பகுதியில் கலிபோர்னியாவில் செம்மறிகளுக்கு பைகுகுலின் என்ற இரசாயனத்தைச் செலுத்தித் தொடர் வலிப்பை உண்டாக்கினார்கள். தொண்டை அடைத்துத்தான் மூச்சு நின்றது என்று பிறகு யாரும் சொல்ல முடியாதபடி, கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழலுக்கு நேரே குழாய் வைத்தார்கள். காற்றுப் பாதை திறந்தே இருந்தும் சில ஆடுகள் மூச்சு நின்று இறந்தன. மூச்சுவிடு என்ற கட்டளை மூளையிலிருந்தே வரவில்லை. நுரையீரலில் நீர் கோத்ததும் அவற்றில் தெரிந்தது. ஒரு குழாயை வைத்து ஒரு சந்தேகத்தை வெட்டியெறிந்த இந்த ஏற்பாட்டை நான் இன்றும் வியந்து பார்க்கிறேன்.

செம்மறிக்குச் செலவு கூட, எண்ணிக்கையும் குறைவு. அதன்பின் வேலையைப் பெரும்பாலும் சுண்டெலிகள் ஏற்றன. டிபிஏ/1, டிபிஏ/2 என்று இரண்டு உள்ளினப்பெருக்க வகைகள் (உறவுக்குள்ளேயே பெருக்கி, எல்லா எலியும் மரபில் ஒன்றுபோலாக்கியவை) உண்டு. இவற்றுக்குப் பெருஞ்சத்தம் கேட்டால் வலிப்பு வரும். அமெரிக்காவின் இலினோயில் கார்ல் பெய்ங்கோல்ட் என்பவரின் குழு இவற்றைச் சுடெப் ஆய்வுக்குப் பயன்படுத்தியது. டிபிஏ/1 குட்டி பிறந்து 26 ஆம், 27 ஆம், 28 ஆம் நாட்களில் நாளுக்கு ஒரு தடவை மின்மணிச் சத்தத்தைக் கேட்கவைத்துப் பழக்குகிறார்கள். சத்தம் ஏறத்தாழ 100 டெசிபெல், சில ஆய்வுகளில் அதைவிடவும் கூட. உச்ச நேரம் 60 செக்கன். மணி அடித்துச் சில செக்கனில் எலி வெறிகொண்டு வட்டமிட்டு ஓடும். பிறகு சரிந்து கைகால் வெட்டும். கடைசியில் பின்கால்கள் வாலின் பக்கமாக நேரே நீண்டு உடல் முழுவதும் விறைக்கும். விறைப்பு விடும்போது மார்பு அசையாது. காது வெளிறும். அப்படியே விட்டால் செத்துவிடும்.

அந்த இடத்தில் கையிட்டால் என்ன நடக்கிறது என்பதுதான் சங்கதி. மூச்சு நின்று சில செக்கனுக்குள் எலியின் மூக்கில் சிறு குழாயைப் பொருத்தி, எலிகளுக்கான செயற்கைச் சுவாச இயந்திரத்தால் காற்றை உள்ளே தள்ளுகிறார்கள். சாதாரண அறைக் காற்றுத்தான். கொஞ்ச நேரத்தில் எலி இழுத்து ஒரு மூச்சு விடும், பிறகு இன்னொன்று. சில நிமிடத்தில் எழும்பி நடக்கும். மறுநாள் அதே எலியை அதே சோதனைக்கு எடுக்கலாம். ஈசிஜி வைத்துப் பார்த்தபோது, காற்றுக் கொடுக்காத எலியிலும் மூச்சு நின்ற பிறகு இதயம் சில நிமிடம் துடித்துக்கொண்டுதான் இருந்தது. 2004 இல் வந்த இன்னொரு சோதனையில் டிபிஏ/2 எலிகளை ஒட்சிசன் நிறைந்த பெட்டிக்குள் வைத்து வலிப்பு வரவைத்தார்கள். வலிப்பு வந்தது, சாவு வரவில்லை. இதயத்தில் மட்டும் கோளாறு என்றால் காற்றும் ஒட்சிசனும் இப்படிக் காப்பாற்றியிருக்காது.

அடுத்த கேள்வி, மூளைத்தண்டு ஏன் மூச்சை மறக்கிறது? இங்கே செரோட்டொனின் வருகிறது, நரம்புக்கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் இரசாயனங்களில் ஒன்று. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் புளூஒக்செற்றின் மருந்து செரோட்டொனினை நரம்பு முனைகளில் கூட நேரம் தங்கவைக்கும். அதை டிபிஏ எலிக்கு அரை மணித்தியாலம் முன்பே கொடுத்தால், வலிப்பு வந்தும் பல எலிகளில் மூச்சு நிற்கவில்லை. வலிப்பைத் தடுக்காத அளவு மருந்தே மூச்சைக் காத்தது. மறுபுறம், செரோட்டொனினை மறிக்கும் சைப்ரோஹெப்ரடின் கொடுத்தபோது மூச்சு நிற்பது கூடியது. அயோவாவில் கோர்டன் பியூக்கனன், ஜோர்ஜ் ரிச்சர்சன் ஆகியோர் செரோட்டொனின் நரம்புக்கலங்களே உருவாகாத சுண்டெலிகளை எடுத்தார்கள். மின்னதிர்ச்சியால் வலிப்பை உண்டாக்கியபோது அவை சாதாரண எலிகளைவிட அதிகம் இறந்தன. இயந்திரத்தால் மூச்சுக் கொடுத்தபோது பிழைத்தன. அதே எலிகள் நித்திரையில் காபனீரொட்சைட்டு கூடினாலும் விழிப்பதில்லை என்று இவர்கள் முன்னரே காட்டியிருந்தார்கள். நாங்கள் தலையணையில் முகம் புதைந்து படுத்தால் சற்று நேரத்தில் தலையைத் திருப்பிவிடுவோம். காபனீரொட்சைட்டு ஏறுவதை உணர்ந்து எழுப்பும் அந்தக் கலங்கள்தான் வலிப்புக்குப் பிறகு சிறிது நேரம் அடங்கிப் போகின்றன என்பது இப்போதுள்ள வலுவான கருத்து.

இதை வாசித்துவிட்டுப் புளூஒக்செற்றின் வாங்கிக் கொடுக்க வேண்டாம். அது மனிதரில் சுடெப்பைத் தடுக்கிறது என்று எந்தப் பரிசோதனையும் நிறுவவில்லை. இவ்வகை மருந்து எடுப்பவர்களுக்குச் சில வகை வலிப்பின்போது ஒட்சிசன் இறங்குவது குறைவு என்று 2010 இல் ஓர் அவதானிப்பு வந்தது. மனிதர் பக்கத்தில் இருக்கும் சான்று இன்னும் அந்த மட்டில்தான்.

எலி ஆய்வு எப்படித் தன்னையே திருத்திக்கொள்கிறது என்பதற்கு டிரவே நோய்க்குறியின் கதையைச் சொல்லவேண்டும். இது கைக்குழந்தைப் பருவத்தில் காய்ச்சலோடு தொடங்கும் கடும் வலிப்பு. எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவில் விகாரம் ஏற்பட்டு, நரம்புக்கலத்தின் சோடியம் கால்வாய் (சோடியத்தை உள்ளே விடும் நுண்ணிய வாயில்) பழுதாவதால் வருவது. இந்தப் பிள்ளைகளில் சுடெப் ஆண்டுக்கு 1000 க்கு 9 அளவில் என்று கணித்திருக்கிறார்கள். அதே மரபணுவில் ஒரு பிரதி பழுதான சுண்டெலிகள் உண்டு. சியாற்றிலில் வில்லியம் கற்றரோலின் குழு 2013 இல் அந்த எலிகளின் மூளை மின்னலைப் பதிவான ஈஈஜியையும் ஈசிஜியையும் ஒருமிக்கப் பதிந்தது. பெருவலிப்பு முடிந்த கையோடு இதயத் துடிப்பு வெகுவாகக் குறைந்து எலிகள் இறந்தன. மூளையிலிருந்து இதயத்துக்குப் போய்த் துடிப்பை மெதுவாக்குவது வேகசு நரம்பு; அதன் வேலையைத் தடுக்கும் அற்றோபின் வகை மருந்து கொடுத்தபோது சாவு குறைந்தது. மரபணுவை இதயத்தில் மட்டும் கெடுத்தால் ஒன்றும் நடக்கவில்லை. மூளையின் தடுப்பு நரம்புக்கலங்களில் மட்டும் கெடுத்தாலே போதுமாக இருந்தது. மூளை வேகசு நரம்பு வழியாக இதயத்தை நிறுத்துகிறது என்று முடிவு எழுதினார்கள். அளந்ததை வைத்துப் பார்த்தால் நியாயமான முடிவு.

அங்கே அளக்கப்பட்டவை மூளையும் இதயமும். 2018 இல் அயோவாவில் ரிச்சர்சனின் குழு அதே மரபணு பழுதான எலிகளை மூச்சையும் சேர்த்து அளக்கும் பெட்டிக்குள் வைத்தது. முதலில் நின்றது மூச்சு. இதயம் மெதுவானது அதன் பிறகு, ஒட்சிசன் இறங்க இறங்கத்தான். இயந்திரத்தால் மூச்சுக் கொடுத்த எலிகள் பிழைத்தன. அப்படியென்றால் அற்றோபின் வகை மருந்து முன்னர் எப்படிக் காப்பாற்றியது? அதையும் விடாமல் தேடினார்கள். உடலுக்குள் வேகசு நரம்பை மட்டும் தடுக்கும் குறைந்த அளவு பயன் தரவில்லை. மூளைக்குள் புகும் அளவுக்குக் கூட்டியபோது பயன் தந்தது. மூளை அறைக்குள்ளேயே நேரடியாக மிகச் சிறிய அளவு செலுத்தியபோதும் பயன் தந்தது. மருந்து வேலை செய்தது உண்மை, வேலை செய்த இடம் மூளை. அதே கட்டுரையில் டிரவே பிள்ளைகளின் பதிவுகளும் உண்டு: வலிப்பை ஒட்டி அவர்களுக்கும் மூச்சுக் குலைந்தது, அவர்களில் ஒருவர் பின்னர் சுடெப்பால் இறந்தார். எதை அளக்கவில்லையோ அது காரணமாக இருக்க முடியாது என்று நினைத்துவிடுவது எந்த ஆய்வுக்கும் வரக்கூடிய பொறி. இந்த இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மருத்துவ மாணவர்களுக்குப் படிப்பிக்கவேண்டும்.

மூச்சை அளக்கும் அந்தப் பெட்டி பார்க்க எளிது, ஒழுங்காக நடத்துவது கடினம். காற்றுப் புகாத சிறு கூட்டுக்குள் எலி. அது உள்ளிழுக்கும் காற்று உடலில் சூடாகி ஈரமாகி விரியும், பெட்டியின் அமுக்கம் இம்மியளவு கூடும். அந்த ஏற்ற இறக்கத்தை அமுக்க உணரி கோடாக வரைகிறது. ஒரு சிரிஞ்சியால் அளவு தெரிந்த சிறிதளவு காற்றை உள்ளே தள்ளி, கோடு எவ்வளவு உயருகிறது என்று பார்த்துத்தான் அளவு திருத்துவார்கள். தலையிலிருந்து வரும் ஈஈஜி கம்பி வெளியே போகும் ஓட்டையில் நுண்ணிய கசிவு இருந்தாலும் மூச்சின் அளவு பொய்யாகும். பெட்டியின் வெப்பநிலையும் ஈரப்பதனும் தெரியாவிட்டால் கணக்கே பிழைக்கும். எலி வெட்டி இழுக்கும்போது உடல் மோதும் ஒவ்வொரு அசைவும் மூச்சைப் போலவே கோட்டில் விழும். அதே நேரத்தில் ஈசிஜியையும் தசை மின்னோட்டம் மூடிவிடும். ஆகவே ஒளிப்பதிவையும் ஒருமிக்க ஓடவிட்டு, வலிப்பு எந்தக் கணத்தில் விட்டது என்று கண்ணால் பார்த்து ஒப்பிடவேண்டும். இன்னொரு சிக்கல்: மூளை கட்டளையை நிறுத்தியதா, அல்லது தொண்டை இறுகி எலி மூச்சிழுக்க முயன்றும் காற்றுப் போகவில்லையா என்று அமுக்கக் கோட்டை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. பிரிமென்றகட்டுத் தசையின் மின் சைகையும் வேண்டும். நியூ யோர்க்கில் மார்க் ஸ்ருவட்டின் குழு சுண்டெலியைவிடப் பெரிய எலிகளில் அதைப் பார்த்தபோது, வலிப்பின் நடுவே குரல்வளை இறுகி மூடுவதையும், காற்று வராமலே தசை போராடுவதையும் பதிந்தது. ஆக, மூச்சு நிற்பதற்கும் ஒரே ஒரு வழி இல்லை.

டிரவே எலிகளுக்கு வலிப்பைச் சூட்டினால் வரவைக்கிறார்கள். குதத்தில் வெப்பமானி வைத்து, விளக்கால் சூடேற்றி, இரண்டு நிமிடத்துக்கு அரைப் பாகை வீதம் உடல் வெப்பநிலையைக் கூட்டி, வலிப்பு வந்த உடனே அல்லது 42.5 பாகை செல்சியசில் நிறுத்துவார்கள். இங்கே எலியின் குலம் முக்கியம். அதே விகாரம் 129 என்ற குலத்தில் இருந்தால் எலிகள் பெரும்பாலும் வாழ்ந்துவிடும். பிஎல்/6 குலத்தோடு கலந்த குட்டிகள் மூன்றாம் நான்காம் வாரத்தில் செத்து விழும். இதைக் குறிப்பிடாத ஆய்வுக் கட்டுரையை நம்பக்கூடாது. ஒரே விகாரம் உள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் ஏன் கடுமையாகிறது என்ற கேள்விக்கும் இதற்குள் ஒரு துப்பு இருக்கிறது.

ஹியூஸ்ரனில் அய்பா, நோபல்ஸ் இருவரும் 2015 இல் காட்டியதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பொற்றாசியம் கால்வாயோ சோடியம் கால்வாயோ பழுதான எலிகளில் வலிப்புக்குப் பின் மின்னடக்க அலை ஒன்று மெதுவாகப் பரவி மூளைத்தண்டை எட்டுகிறது. மூச்சையும் இதயத்தையும் நடத்தும் கலங்கள் அந்த அலையின் கீழ் வாயடைத்துப் போகின்றன.

இனி மனிதர். ஐரோப்பா, இஸ்ரேல், அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய இடங்களின் 147 வலிப்புக் கண்காணிப்புப் பிரிவுகளில் நடந்த மரணங்களைத் திரட்டி, பிலிப் ரிவ்லின் தலைமையில் 2013 இல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே 16 சுடெப் மரணங்கள் அகப்பட்டன, 14 இரவில். முழுப் பதிவும் இருந்த 10 பேரில் ஒரே ஒழுங்கு தெரிந்தது: பெருவலிப்பு, அதன்பின் நிமிடத்துக்கு 18 முதல் 50 வரை வேகமான மூச்சு, ஈஈஜி தட்டையாகிப் போதல், மூன்று நிமிடத்துக்குள் மூச்சும் இதயமும் தடுமாறுதல், பிறகு மூச்சு முற்றாக நிற்றல், கடைசியாக இதயம் நிற்றல். எல்லோரிலும் மூச்சு முந்தி, இதயம் பிந்தி. எலிகள் காட்டிய வரிசையே அது.

அப்படியென்று எலியும் மனிதரும் ஒன்று என்று சொல்லிவிட வேண்டாம். டிபிஏ எலியில் விறைப்பு விடும்போதே மூச்சு இல்லை. மனிதரோ வலிப்பு முடிந்து நன்றாக, வேகமாகவே மூச்சு விடுகிறார். பிறகுதான் அது மங்குகிறது. டிபிஏ எலியின் வலிப்பு காதிலிருந்து வரும் சைகையால் நடுமூளையில் பற்றி மூளைத்தண்டு வழியே ஓடுவது. மனிதரின் வலிப்பு பெரும்பாலும் மேல்மூளையில் பிறக்கிறது. எலிக்கு இதயம் நிமிடத்துக்கு 500, 600 துடிப்பு; உடலில் ஒட்சிசன் சேமிப்போ மிகக் குறைவு. மூச்சு நின்றால் மனிதருக்கு இருக்கும் அவகாசம் அதற்கு இல்லை. எலிக்குத் தலையணையும் இல்லை, கதவு பூட்டிய அறையும் இல்லை. எலி முக்கியமாகச் சொல்வது எது எதன் பிறகு நடக்கிறது என்பதையும், எங்கே கைவைத்தால் நிறுத்தலாம் என்பதையும். எந்த ஆளுக்கு, எந்த இரவு என்று அதால் சொல்ல முடியாது.

மேல்மூளைக்கும் மூச்சுக்கும் உள்ள இணைப்பை மனிதரிலேயே பார்த்த ஓர் அவதானிப்பு உண்டு. சத்திர சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனை வைத்திருந்தவர்களில், வலிப்பு அமிக்டலாவை (பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புபட்ட, மூளையின் உட்பகுதி ஒன்று) எட்டிய கணத்தில் மூச்சு நின்றது. அதே இடத்தை மென்மின்னால் தூண்டியபோதும் நின்றது. 2015 இல் அயோவாவில் பதிந்தது இது. என்னை உலுப்பிய விபரம், மூச்சு நின்றது அவர்களுக்கே தெரியவில்லை என்பது. மூச்சு முட்டுகிறது என்ற உணர்வு வரவேயில்லை. அமிக்டலாவைச் சேதப்படுத்திய டிபிஏ/1 எலிகளில் வலிப்புக்குப் பின் மூச்சு நிற்பது குறைந்தது என்று பிறகு காட்டினார்கள்.

இந்த ஆய்வுகளில் விலங்குகள் துன்பப்படுகின்றன. வலிப்பும் மூச்சு நிற்பதும் மரணமும் நேரடியாகத் தூண்டப்படுகின்றன. என் மனதுக்கு இது இலகுவான விடயம் இல்லை. ஆனாலும் இதை நிறுத்தச் சொல்ல என்னால் முடியாது. குறைந்த எலியில் கூடிய விடை எடுக்கவேண்டும், மூச்சு நின்ற எலியை இயந்திரத்தால் மீட்கவேண்டும், ஒரே எலியில் மூளை, மூச்சு, இதயம், காணொளி நான்கையும் சேர்த்துப் பதியவேண்டும் என்று கேட்க முடியும். 2013 ஆம் ஆண்டின் எலிகளில் மூச்சும் அளக்கப்பட்டிருந்தால் 2018 இல் பல எலிகள் மிஞ்சியிருக்கும்.

வீட்டுக்கு வருவோம். மூச்சு முந்தி நிற்கிறது, இதயம் பிறகும் கொஞ்ச நேரம் துடிக்கிறது என்றால் அந்த இடைவெளி ஒரு மனிதக் கைக்குப் போதுமான இடைவெளி. கண்காணிப்புப் பிரிவுகளில் தாதியர் வந்து தொட்டு, புரட்டி, ஒட்சிசன் கொடுத்தபோது மூச்சுக் குலைவின் நேரம் குறைந்தது என்று பதிவு உண்டு. படுத்த நிலை தெரிந்த சுடெப் மரணங்களில் நாலில் மூன்று பங்கு அளவில் குப்புறக் கிடந்தவர்கள். ஆகவே பெருவலிப்பு, அதுவும் நித்திரையில் பெருவலிப்பு வருபவரைத் தனி அறையில் கதவைச் சாத்திப் படுக்க விடாதீர்கள். வயது வந்த பிள்ளைக்கு அம்மா பக்கத்தில் படுப்பது கூச்சமாக இருக்கும். தம்பியோ தங்கச்சியோ அதே அறையில் படுக்கலாம், அல்லது இடைக் கதவைத் திறந்து வைக்கலாம். கொழும்பில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அறைத்தோழர் ஒருவருக்காவது விபரம் தெரிந்திருக்கவேண்டும். வெளிநாட்டில் தனியே இருப்பவருக்கு, வலிப்பின் அதிர்வை உணர்ந்து இன்னொருவருடைய கைத்தொலைபேசிக்கு அழைப்பு அனுப்பும் கைக்கடிகாரக் கருவிகள் உண்டு. ஆனால் ஓடிவர ஆள் இல்லாத இடத்தில் அதனால் பயன் குறைவு.

வலி வந்தால் கையில் திறப்புக்கோர்வையைத் திணிப்பதை விடுங்கள். அது வலிப்பை நிறுத்தாது, மூச்சையும் காக்காது. வாய்க்குள் கரண்டியோ விரலோ தண்ணீரோ போகக்கூடாது. கைகாலை அமர்த்திப் பிடிக்க வேண்டாம். தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வையுங்கள், நேரத்தைப் பாருங்கள். இழுப்பு விட்ட உடனே ஒருபக்கமாகச் சரித்து, தாடையைச் சற்று உயர்த்தி, வாயிலுள்ள எச்சில் வழிய விடுங்கள். பெரும்பாலானோர் இந்த இடத்தில் "நித்திரை கொள்ளட்டும்" என்று விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆபத்தான நேரம் தொடங்குவதே அப்போதுதான். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், தோளை உலுப்புங்கள், வயிறும் மார்பும் ஏறி இறங்குவதைக் கண்ணால் பாருங்கள். ஆள் தெளிந்து பேசும்வரை, குறைந்தது அடுத்த அரை மணித்தியாலம், பக்கத்தை விட்டு அசையாதீர்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அமுக்கிச் செயற்கைச் சுவாசம் கொடுத்தபடியே 1990 க்கு அழையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுத்தாலும், தெளியாமலே அடுத்த வலி வந்தாலும் அதே இலக்கம்.

இதைவிடப் பெரிய பாதுகாப்பு, பெருவலிப்பே வராமல் பார்ப்பது. ஏற்கெனவே எடுக்கும் மருந்து போதாதவர்களில் 112 பரிசோதனைகளைச் சேர்த்து 2011 இல் ரிவ்லின் குழு கணக்கிட்டது: வேலை செய்யும் அளவில் இன்னொரு மருந்தைச் சேர்த்தவர்களில் சுடெப் ஆண்டுக்கு 1000 க்கு 0.9, வெற்று மாத்திரை சேர்த்தவர்களில் 6.9. அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும் சோடியம் வல்ப்ரோயேற்றும் காபமசபினும் ஒழுங்காக எடுத்தால் பலருக்குப் போதும். 2022 மருந்துத் தட்டுப்பாட்டில் பட்டதை மறக்கக்கூடாது. கையில் இரண்டு கிழமைக்கான மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்த கிளினிக் திகதியைப் பாருங்கள். கந்தசஷ்டிக்கு உபவாசம் இருப்பவர் மாத்திரையை விரதத்தில் சேர்க்கக்கூடாது. ஒரு மிடறு தண்ணீரோடு மாத்திரை எடுப்பதால் விரதம் கெடாது என்று குருக்கள் ஒருவர் வாயால் சொல்லவைத்தால் வீட்டில் சண்டை மிச்சம். சிவராத்திரி விழிப்பும், உயர்தரப் பரீட்சைக்கு விடிய விடியப் படிப்பதும் வலிப்பைத் தூண்டும், முக்கியமாகக் காலையில் கை வெட்டும் இளவயது வலிப்பு உள்ளவர்களுக்கு. அந்த வகைக்குக் காபமசபின் நிலைமையை மோசமாக்கலாம். ஆகவே காலையில் தேத்தண்ணிக் கோப்பை கைதவறும் என்பதை வைத்தியருக்குச் சொல்லுங்கள். இரவு வலிப்புகளின் திகதியைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். முடிந்தால் கைத்தொலைபேசியில் ஒளிப்பதிவு எடுங்கள்.

பயப்படுத்தக்கூடாது என்று நினைத்து வைத்தியர்கள் பலர் சுடெப் பற்றி வாயே திறப்பதில்லை. எனக்கு இதில் உடன்பாடில்லை. மாத்திரை தவறினால் வலி வரும் என்று மட்டும் கேட்ட குடும்பமும், உயிருக்கே ஆபத்து என்று கேட்ட குடும்பமும் மாத்திரைப் பெட்டியை ஒரே மாதிரிப் பார்க்காது.

நடக்கக்கூடாதது நடந்துவிட்டால், திடீர் மரண விசாரணை அதிகாரி வரும்போது வலிப்பு என்பதை மறைக்காதீர்கள். கலியாணப் பேச்சுக் கெடும், மற்றப் பிள்ளைகளுக்குப் பேர் வரும் என்று மறைப்பவர்கள் இருக்கிறார்கள். கிளினிக் கொப்பியையும் மிச்ச மாத்திரைகளையும் அப்படியே சட்ட வைத்திய அதிகாரியிடம் கொடுங்கள். எந்த நிலையில் கிடந்தார், கடைசியாக எப்போது வலி வந்தது, மாத்திரை தவறியதா என்று சொல்லுங்கள். குருதியில் மருந்தின் அளவு பார்க்கமுடியுமா என்று கேளுங்கள். குடும்பத்தில் வேறு யாராவது ஓடும்போதோ திடுக்கிடும்போதோ மயங்கி விழுந்ததுண்டா என்பது முக்கியமான கேள்வி. கேசிஎன்கியூ1 என்ற மரபணு பழுதான சுண்டெலிகளில் இதயத் துடிப்புக் கோளாறும் வலிப்பும் ஒன்றாக வந்ததை ஹியூஸ்ரன் குழு 2009 இல் காட்டியது. மனிதரில் அதே மரபணு பழுதானால் ஈசிஜியில் கியூரி (QT) இடைவெளி நீளும். அதனால் வரும் மயக்கத்தை வலிப்பு என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் வலிப்பு மருந்து கொடுப்பதும் நடக்கிறது. ஆகவே, அப்படி மயங்கி விழும் வரலாறு இருந்தால் இறந்தவரின் சகோதரங்களுக்கு ஓர் ஈசிஜி எடுத்து, அந்த இடைவெளியை அளக்கச் சொல்லிக் கேட்கவேண்டும். ஐந்து நிமிட வேலை. எந்த ஆதார வைத்தியசாலையிலும் எடுக்கலாம்.